கோழை என்று பெயர் வாங்கிய காவல்காரன்

ஒருவனைப் பயந்தாங்கொள்ளி என்று ஏச வேண்டுமானால் தமிழில் 'கோழை' என்று சொல்லிவிடுவோம். நெஞ்சில் கட்டி, இருமினால் வெளியே வரும் சளிக்கும் அதே பெயர்தான். ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். இரண்டுமே மரியாதையான பொருள் அல்ல.

ஆனால் உடலுக்குள் நடப்பதைப் பார்த்தால் இந்தப் பெயர் எவ்வளவு பெரிய அநியாயம் என்பது புரியும். கிருமி வந்தால் முதலில் எதிர்கொள்வது இந்தக் கோழைதான். தூசி வந்தாலும் புகை வந்தாலும் முதல் ஆளாகக் களத்தில் நிற்பது இதுதான்.

கெடா தோட்டங்களில் நம்மவர்கள் வாழ்ந்த நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாற்றைச் சட்டப் புத்தகங்களில் படிக்கலாம். தோட்டத்துக் கணக்கேடுகளில் படிக்கலாம். யாரும் எட்டிப் பார்க்காத இன்னோர் இடத்திலும் அந்த வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. அவர்கள் இருமித் துப்பிய சளியிலும், வயிறு கடுத்துக் கழித்த சீதத்திலும்தான் அது இருக்கிறது. அருவருப்பை ஓரமாக வைத்துவிட்டு அதைக் கொஞ்சம் படித்துப் பார்ப்போம்.

பால்மரம் சொல்லும் பாடம்

சளி என்றால் என்ன? தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பால்மரத்தைப் பார்த்தாலே போதும்.

உளி பட்டதும் மரத்தில் பால் வடிகிறது. அந்தப் பாலை மரம் நமக்காகவா வைத்திருக்கிறது? இல்லை. பட்டையில் காயம் பட்டால் பூச்சியும் பூஞ்சையும் உள்ளே நுழைந்துவிடும். அதற்கு முன்னே ஓடிவந்து, உறைந்து, வாசலை அடைப்பதற்காகவே மரம் பாலை வைத்திருக்கிறது. மரத்தின் பாதுகாப்பைத்தான் மனிதன் மங்கில் பிடித்து விற்றான்.

நம் உடலிலும் அப்படியொரு ஏற்பாடு உண்டு. உடலின் வெளிப்புறத்தைத் தோல் மூடியிருக்கிறது. ஆனால் மூக்கு, தொண்டை, நுரையீரலுக்குப் போகும் குழாய்கள், இரைப்பை, குடல் ஆகியவற்றின் உட்புறத்தில் அந்தத் தடித்த தோல் கிடையாது. அங்கெல்லாம் ஒரு மெல்லிய சவ்வுதான் இருக்கிறது. வெளியுலகத்துக் காற்றும் சோறும் தண்ணீரும் நேராக வந்து தொடுவது அந்தச் சவ்வைத்தான். அதன் மேல் போர்வைபோல் படர்ந்திருப்பதே சளி.

சளியில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெறும் தண்ணீர். மீதியில் முக்கியமானது மியூசின் என்னும் புரதம். சர்க்கரைச் சங்கிலிகள் பூட்டிய இந்தப் புரதம் தண்ணீரை இழுத்து வைத்துக்கொண்டு வழவழப்பான கூழாகிவிடும். அதனுடன் உப்பும், கிருமியைக் கொல்லும் நொதிகளும், நோய் எதிர்ப்புப் பொருள்களும் கலந்திருக்கின்றன. சவ்விலே கிண்ணம்போல் வடிவம்கொண்ட உயிரணுக்கள் இரவும் பகலும் இதைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. நல்ல சுகத்தோடு இருப்பவரின் உடலிலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லிட்டர் சளி சுரக்கிறது. நமக்குத்தான் தெரிவதில்லை.

தெரியாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. காற்றுக் குழாய்களின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவை விநாடிக்குப் பத்து முறைக்கு மேல் அசைந்து, சளியை மேல்நோக்கித் தள்ளுகின்றன. மூச்சோடு போன தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொண்டு தொண்டை வரை ஏறி வருகின்றன. நாம் அதை அறியாமலே விழுங்கிவிடுகிறோம். இரைப்பையில் இருக்கும் அமிலம் பெரும்பாலான கிருமிகளின் கதையை முடித்துவிடுகிறது.

அந்த அமிலம் சாதாரணமானதல்ல, ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது ஏன் நம் இரைப்பையையே அரித்துவிடுவதில்லை? அங்கேயும் சளிப் படலம்தான் சுவராக நிற்கிறது. பெருங்குடலில் இந்தச் சளி இரண்டு அடுக்காக இருக்கிறது என்பதைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2008இல் விளக்கினார்கள். வெளி அடுக்கில் கோடானுகோடி கிருமிகள் குடியிருக்கலாம். உள் அடுக்குக்குள் மட்டும் அவற்றுக்கு அனுமதி இல்லை.

ஆக, சளி என்பது நோய் அன்று. நோயை எதிர்த்து உடல் வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம் அது. பச்சையாக வந்தால் பயந்துபோகிறவர்கள் உண்டு. கிருமியோடு மோதிய வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியே அந்தப் பச்சை நிறத்துக்குக் காரணம். நிறத்தை மட்டும் பார்த்து மருந்துக் கடையில் 'ஆன்டிபயாடிக்' கேட்பது தவறு.

மூளையிலிருந்து ஒழுகுகிறதா?

மனிதன் இதைப் புரிந்துகொள்ள வெகுகாலம் ஆயிற்று. நம் சித்த மருத்துவம் வாதம், பித்தம், கபம் என்று மூன்றை வைத்து உடலைக் கணித்தது. கபத்துக்கு அதில் பெரிய இடம் உண்டு. பண்டைய கிரேக்கர்கள் நான்கு நீர்மங்களைச் சொன்னார்கள். அவற்றில் ஒன்று சளி. அது மூளையில் ஊறி மூக்கு வழியே ஒழுகுகிறது என்று ஐரோப்பா பல நூற்றாண்டுகள் நம்பிக்கொண்டிருந்தது. தலைக்குள் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கு அந்தப் பெயர் வந்ததே, சளியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்துதான்.

ஜெர்மானிய மருத்துவர் கான்ராட் ஷ்னைடர் 1660களில் அந்த நம்பிக்கையை உடைத்தார். மூளைக்கும் மூக்குக்கும் இடையே சளி ஒழுகும் வழியே கிடையாது, மூக்கின் உட்சவ்வுதான் அதைச் சுரக்கிறது என்று எடுத்துக்காட்டினார். எங்கே சுரக்கிறது என்பது தெரிந்துவிட்டது. எதற்காகச் சுரக்கிறது என்பது தெரிய இன்னும் இரண்டரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில்தான் நம் முன்னோர்கள் கப்பலேறினார்கள்.

கடாரத்துக்கு வந்தவர்கள்

1025ஆம் ஆண்டு ராஜேந்திர சோழனின் கடற்படை வென்ற கடாரம் இந்தக் கெடாதான் என்று நாம் பெருமையோடு பேசுகிறோம். ஏறத்தாழ 900 ஆண்டுகள் கழித்து வந்த தமிழர்கள் படை திரட்டி வரவில்லை. தகரப் பெட்டியும் துணி மூட்டையுமாகக் கங்காணியின் பின்னால் வந்தார்கள்.

1909ஆம் ஆண்டு பேங்காக் உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாதிக்கத்திலிருந்து பிரிட்டிஷாரின் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு மாநிலத்தின் மத்தியிலும் தெற்கிலும் ரப்பர் வேகமாகப் பரவியது. சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய் என்று இன்று நாம் சொல்லும் ஊர்களைச் சுற்றிக் காடு அழிந்து தோட்டங்கள் முளைத்தன. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறியவர்கள் பினாங்குக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே புலாவ் ஜெரெஜாக் தீவில் தொற்றுநோய்க்கான தனிமை முகாம் இருந்தது. அம்மை, காலரா போன்ற நோய் ஏதும் இல்லை என்று தெரிந்த பிறகே தோட்டத்துக்கு அனுப்புவார்கள்.

நோய் கப்பலில் மட்டும் இல்லை. தோட்டத்திலும் காத்திருந்தது. தொடக்கக்கால லயத்து வீடுகள் வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்டவை. ஒரே அறையில் பலர் முடங்கிக் கிடப்பார்கள். குடிக்க ஆற்றுத் தண்ணீர் அல்லது மூடாத கிணற்றுத் தண்ணீர். ஒதுங்குவதற்குப் பக்கத்துக் காடு. மலாயாத் தோட்டங்களில் மலேரியாவுக்கு அடுத்தபடி உயிர்களை அள்ளிக்கொண்டு போன நோய்களில் முன்னால் நின்றது சீதபேதி.

அந்தப் பெயரை ஒரு நிமிடம் கவனியுங்கள். சீதம் என்பது சளிதான். குடலிலிருந்து சளியும் இரத்தமும் கலந்து போவதால் நம் பாட்டிமார்கள் அதைச் சீதபேதி என்றார்கள். நுண்ணோக்கி பார்க்காதவர்கள் அவர்கள். ஆனாலும் நோயின் அடையாளத்தைப் பெயரிலேயே வைத்திருந்தார்கள்.

அந்தச் சீதம் எதைக் காட்டுகிறது? பெருங்குடலின் சளிச் சுவர் உடைந்துவிட்டது என்பதைத்தான். சீதபேதிக்குக் காரணமான அமீபாவை 1875இல் ரஷ்யாவில் ஃபியோதர் லோஷ் கண்டார். இன்னொரு வகைக்குக் காரணமான பாக்டீரியாவை 1897இல் ஜப்பானில் கியோஷி ஷிகா கண்டார். அமீபா என்ன செய்கிறது என்பது பின்னாளில் தெளிவாயிற்று. முதலில் அது மியூசினில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு மியூசினைக் கரைக்கிறது. சுவர் கரைந்ததும் குடலைக் குடைகிறது. சுவர் இடிய இடிய உடல் மேலும் மேலும் சளியைக் கொட்டி அடைக்கப் பார்க்கிறது. அந்தக் கடைசிப் போராட்டத்தின் எச்சம்தான் வெளியே வரும் சீதம்.

1912இல் கல்கத்தாவில் லெனர்டு ரோஜர்ஸ் என்ற மருத்துவர் எமெட்டின் ஊசியால் அமீபா சீதபேதியைக் குணப்படுத்த முடியும் என்று காட்டினார். பல உயிர்கள் பிழைத்தன. ஆனால் ஊசி போட்டுக்கொண்டவர் மறுநாள் அதே ஆற்றுத் தண்ணீரைத்தான் குடித்தார். தோட்டங்களில் சாவு குறைந்ததற்கு மருந்து மட்டும் காரணம் அல்ல. மூடிய கிணறு, குழாய்த் தண்ணீர், கழிப்பறை, தனித்தனி வீடு ஆகியவை கொஞ்சம் கொஞ்சமாக வந்ததும் காரணம். குடலுக்குள் எவ்வளவு நல்ல காவல்காரன் இருந்தாலும், நாள்தோறும் அழுக்குத் தண்ணீரை ஊற்றினால் அவனால் எத்தனை நாள் தாங்க முடியும்?

1918இல் வந்த காய்ச்சல்

வயிற்றுக் காவல் ஒருபுறம் இப்படி இருக்க, மூச்சுக் காவலுக்கு 1918இல் பெரும் சோதனை வந்தது. உலகப் போரின் கடைசி மாதங்களில் ஸ்பானிஷ் ஃபுளூ உலகைச் சுற்றி வந்தது. இந்தியாவில் மட்டும் 1 கோடிக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மலாயாவிலும் தோட்டத் தொழிலாளர்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். நெருக்கமான லயங்களில் ஒருவர் தும்மினால் அடுத்த வீட்டுக்காரரும் படுத்துவிடுவார்.

அந்த நோய்க்குக் காரணமான வைரஸ் எது என்று அன்று யாருக்கும் தெரியாது. 1933இல் லண்டன் ஆய்வாளர்கள் நோயாளிகளின் தொண்டை கழுவிய நீரிலிருந்து மனிதனைத் தாக்கும் ஃபுளூ வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். சளியில்தான் விடை இருந்தது.

அதற்குப் பிறகு தெரியவந்த செய்தி சுவையானது. ஃபுளூ வைரஸ் உயிரணுவின் மேலுள்ள ஒருவகைச் சர்க்கரையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழையும். அதே சர்க்கரை சளியிலும் இருக்கிறது. வைரஸ் ஏமாந்து சளியைப் பிடித்துக்கொள்ளும். சளியோடு சேர்ந்து வெளியே தள்ளப்படும். அதிலிருந்து தப்பிக்க வைரஸும் ஒரு கத்தரிக்கோல் வைத்திருக்கிறது. ஒட்டிய இடத்தை வெட்டிவிடும் நொதி அது. 2009ஆம் ஆண்டு எச்1என்1 காய்ச்சலின்போது மலேசியர்கள் வாய்க்கு வாய் பேசிய 'தாமிஃபுளூ' மாத்திரையின் வேலை, அந்தக் கத்தரிக்கோலை மழுங்கச் செய்வதே.

சளிக்குள் ஆயுதம் இருக்கிறது என்பதை முதலில் கண்ணால் கண்டவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். பென்சிலின் கண்டுபிடித்த அதே ஃபிளெமிங்தான். 1921 நவம்பரில் அவருக்கு ஜலதோஷம். தம் மூக்குச் சளியையே கிருமிகள் வளரும் தட்டில் இட்டுப் பார்த்தார். சளியைச் சுற்றியிருந்த கிருமிகள் கரைந்து மறைந்தன. சளியில் இருந்த அந்த நொதிக்கு லைசோசைம் என்று பெயர் வைத்து 1922இல் வெளியிட்டார். கண்ணீரிலும் எச்சிலிலும் முட்டையின் வெள்ளைக் கருவிலும்கூட அது இருக்கிறது. உலகைக் காத்த பென்சிலினை அவர் கண்டது 1928இல். அந்தத் தேடலுக்கு முதல் படி ஒழுகும் மூக்கிலிருந்து தொடங்கியது என்றால் நம்புவீர்களா?

ரயில் பாதையில் காலரா

1942இல் ஜப்பானியர் ஆட்சி. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட ஆசியத் தொழிலாளர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். வடக்கு நோக்கிப் போன ரயில்கள் கெடாவைத் தாண்டித்தான் போயின. போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை.

அவர்களை வீழ்த்தியது பசியும் அடியும் மட்டுமல்ல. 1943இல் மழைக்காலம் தொடங்கியபோது முகாம்களில் காலரா புகுந்தது. காலராக் கிருமி குடலின் சளிப் படலத்தை நீந்திக் கடந்துபோய்ச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அங்கே நஞ்சைச் சுரக்கும். உடலின் தண்ணீர் எல்லாம் அரிசி கழுவிய நீர்போலக் கொட்டிவிடும். அந்த நீரில் மிதக்கும் வெள்ளைத் துணுக்குகள் குடலின் சளிதான். ஒரே நாளில் ஆள் சுருண்டுபோவார்.

கிருமி அப்படியொரு நஞ்சைச் சுரக்கிறது என்பதைக் கல்கத்தாவில் சம்பு நாத் டே என்ற அறிஞர் 1959இல் வெளியிட்டார். 1971இல் வங்கதேசப் போரின்போது, அகதிகள் குவிந்த போங்கான் முகாமில் மருத்துவர் திலீப் மஹலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்தே ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார். இன்று ஒவ்வொரு கிளினிக்கிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் கதை இதுதான். உப்பு, சர்க்கரை, சுத்தமான தண்ணீர். மரண ரயில் முகாம்களில் இந்த மூன்றும் இந்த அளவில் கிடைத்திருந்தால் எத்தனை குடும்பங்களின் கதை மாறியிருக்கும்!

மறைத்த சளி

போர் முடிந்தது. தோட்டங்களில் மிஞ்சியவர்கள் உடல் மெலிந்து திரும்பினார்கள். மெலிந்த உடலில் காசநோய்க்குக் கதவு திறந்தே இருக்கும்.

காசநோய்க் கிருமியை 1882இல் பெர்லினில் ராபர்ட் காக் கண்டறிந்து அறிவித்தார். நுரையீரல் காசநோயை உறுதிசெய்ய எளிய வழி நோயாளியின் சளியைச் சோதிப்பது. அது இன்றும் அடிப்படைச் சோதனையாக இருக்கிறது. அதாவது, சளி இந்த நோயை மறைக்கவில்லை. எடுத்துச் சொல்கிறது. மறைப்பவர்கள் மனிதர்களே.

தோட்டத்தில் காசம் என்றால் ஒரு வீட்டுக்கே களங்கம். பெண் கேட்டு வரமாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார். ஆகவே இருமலை வெற்றிலைச் சாற்றோடு மறைத்தவர்கள் உண்டு. பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் போய்விடும் என்று பயந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மரம் வெட்டப் போனவர்கள் உண்டு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸர் கொடுத்த இருமல் மருந்தோடு நாள் ஓடும். நோய் முற்றிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி.

அந்தக் காலத்தில் காசநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து, மாதக்கணக்கில் சானட்டோரியத்தில் வைப்பதே வழக்கம். புலாவ் ஜெரெஜாக் தீவில்கூடப் பிற்காலத்தில் காசநோயாளிகளை வைத்துப் பராமரித்தார்கள். ஏழைக் குடும்பத்தில் சம்பாதிப்பவர் அப்படிப் போய்விட்டால் வீட்டில் அடுப்பு எரியுமா?

இந்த நிலையை மாற்றியது ஒரு தமிழ் மண். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை சேர்ந்து நடத்தின. நகரத்தின் நெருக்கடியான ஏழை வீடுகளில் இருந்த நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினரை சானட்டோரியத்தில் வைத்தார்கள். மறு பகுதியினரை வீட்டிலேயே இருக்கவிட்டு மாத்திரை கொடுத்தார்கள். ஓராண்டு மருத்துவம் முடிந்ததும் சளியைச் சோதித்தார்கள்.

1959இல் முடிவு வெளிவந்தது. நல்ல சோறும் ஓய்வும் இல்லாத வீட்டில் இருந்தவர்களும், சானட்டோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ நிகராகக் குணமடைந்திருந்தார்கள். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. மருந்தை விடாமல் சாப்பிட வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. உலகம் முழுவதும் காசநோயாளிகள் வீட்டிலிருந்தே சிகிச்சை பெறலாம் என்ற பாதையை இந்தச் சென்னை ஆய்வு திறந்துவிட்டது.

1961இல் நம் நாட்டில் தேசியக் காசநோய்த் தடுப்புத் திட்டம் தொடங்கியது. பிறந்த குழந்தைகளுக்கு பி.சி.ஜி. ஊசி போடும் பழக்கம் அந்தத் திட்டத்தோடு நாடெங்கும் பரவியது. தோட்டத்துப் பிள்ளைகளின் தோளில் உள்ள அந்தச் சிறிய தழும்பு அதன் முத்திரை.

ஆடாதோடையிலிருந்து மாத்திரை வரை

மருத்துவம் எட்டாத நாளில் நம்மவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. லயத்து வீட்டின் பின்னால் துளசியும் கற்பூரவள்ளியும் தூதுவளையும் வளர்ந்தன. சுக்கும் மிளகும் திப்பிலியும் தட்டிக் கஷாயம் வைத்தார்கள். நெற்றியில் கோடாலித் தைலம் மணத்தது. வேது பிடித்தால் மூக்கு திறக்கும்.

இவற்றையெல்லாம் பாட்டி வைத்தியம் என்று சிரிப்பவர்களுக்கு ஒரு செய்தி. சளிக்குக் கைகண்ட மருந்து என்று நம் மரபில் சொல்லப்படும் ஆடாதோடை இலையில் வாசிசின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அதை அடிப்படையாக வைத்து உருவாக்கியதுதான் புரோம்ஹெக்சின். கெட்டிச் சளியை இளக்கும் மருந்தாக 1960களிலிருந்து உலகெங்கும் விற்பனையாகிறது. கிளினிக்கில் டாக்டர் எழுதித் தரும் சளி மாத்திரைக்கும் நம் வீட்டுக் கொல்லைக்கும் உறவு உண்டு.

அதே நேரத்தில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. கஷாயம் சளியை இளக்கலாம், ஆவி மூக்கைத் திறக்கலாம். காசநோய்க் கிருமியைக் கஷாயம் கொல்லாது. சீதபேதி கண்ட குழந்தைக்கு விபூதி மட்டும் போதாது. பாட்டி வைத்தியம் எதுவரை, ஆஸ்பத்திரி எங்கிருந்து என்ற எல்லை தெரியாமல் போன உயிர்கள் தோட்டங்களில் எத்தனையோ.

புகையோடு ஒரு போராட்டம்

சளியின் மயிர்ப்படைக்குப் பெரிய எதிரி புகை. ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோடும் கொட்டகையில் வேலை பார்த்தவர்கள், பால் ஸ்டோரில் அமோனியா நெடியையும் பார்மிக் அமிலத்தின் காரத்தையும் சுவாசித்தவர்கள், விறகடுப்பில் சமைத்த பெண்கள் என்று இந்தப் போராட்டத்தில் அடிபட்டவர்களின் வரிசை நீளமானது. புகை தொடர்ந்து பட்டால் அந்த நுண்மயிர்கள் சோர்ந்து செயலிழக்கின்றன. சளி சுரக்கும், ஆனால் மேலே ஏறாது. அப்போது உடலுக்கு மிஞ்சிய ஒரே வழி இருமல். சிகரெட் பிடிப்பவர் காலையில் எழுந்ததும் இருமுகிறாரே, அதன் காரணம் இதுவே.

1997இலும், 2005, 2015, 2019 ஆகிய ஆண்டுகளிலும் புகைமூட்டம் நாட்டை மூடியபோது தோட்டத்தில் வாழாதவர்களும் இந்தப் பாடத்தைப் படித்தார்கள். 2020இல் கோவிட் வந்தபோது மூக்குக்குள் பஞ்சுக் குச்சி போகாத வீடு அரிது. அன்று ஆய்வுக்கூடங்கள் இரவு பகலாகப் படித்தது நம் மூக்குச் சளியைத்தான். மூக்கின் சளிச் சவ்விலேயே எதிர்ப்பை உண்டாக்க வேண்டும் என்ற நோக்கில் மூக்கில் விடும் கோவிட் தடுப்பு மருந்தை இந்தியா 2022இல் அங்கீகரித்தது. வாசலில் இருக்கும் காவல்காரனுக்கே நேராகப் பயிற்சி கொடுக்கும் முயற்சி அது.

காவல்காரன் தட்டும் கதவு

இன்று கெடாவின் தோட்டங்கள் பலவும் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. லயத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள் சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் தரை வீட்டிலும் அடுக்குமாடியிலும் இருக்கிறார்கள். 2001இல் தொடங்கிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் பீடோங் அருகே செமிலிங்கில் மருத்துவர்களை உருவாக்குகிறது. சீதபேதியில் மக்கள் மடிந்த அதே மண்ணில் அவர்களின் பேரப்பிள்ளைகள் சளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறார்கள். இது சாதாரண மாற்றம் அன்று.

ஆனால் நோய் தோட்டத்தோடு ஒழிந்துவிடவில்லை. மலேசியாவில் அண்மை ஆண்டுகளில் ஆண்டுதோறும் 25,000க்கும் மேற்பட்டோருக்குக் காசநோய் கண்டறியப்படுகிறது. முழுமையாகக் குணப்படுத்தக் கூடிய நோயில் இன்னமும் ஆண்டுக்கு ஈராயிரம் பேருக்கு மேல் இறக்கிறார்கள். அன்று லயத்தில் வெற்றிலைச் சாற்றில் மறைந்த இருமல், இன்று தொழிற்சாலையில் முகக்கவரிக்குள் மறைகிறது. அன்று பெரட்டுக்குப் பயந்தார்கள். இன்று லீவு போட்டால் ஓவர்டைம் போய்விடும் என்று பயப்படுகிறார்கள்.

நம் முன்னோர்களிடம் மருந்து இல்லை, சுத்தமான தண்ணீர் இல்லை, விடுப்பு இல்லை. அவர்களின் உடலில் இருந்த காவல்காரன் தன்னால் முடிந்தவரை போராடி, முடியாதபோது சளியாகவும் சீதமாகவும் வெளியே வந்து கதவைத் தட்டினான். திறக்க ஆள் இல்லை. நமக்கு அந்தக் காரணங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை.

ஆகவே வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், மாலையில் காய்ச்சலும் இரவில் வியர்வையும் இருந்தால், உடல் எடை குறைந்தால், சளியில் இரத்தம் தெரிந்தால், பக்கத்து அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். ஒரு சிறிய டப்பா கொடுப்பார்கள். காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி வரும் சளியை அதில் பிடித்துக் கொடுக்க வேண்டும். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை. மாத்திரை கொடுத்தால் குறைந்தது ஆறு மாதம், உடம்பு தேறிவிட்டதுபோல் தோன்றினாலும், ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட வேண்டும். குழந்தைக்குச் சீதத்தோடு வயிற்றுப்போக்கு என்றால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். கிளினிக்குக்குப் போய்ச்சேரும் வரை ஓ.ஆர்.எஸ். நீரைச் சிறுகச் சிறுகக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.